வெளிநாட்டு விருந்தினர் அறைக்கு எந்த சாக்கெட் வைப்பது?

அறைக்கு வந்த விருந்தினர் பேனா முனையால் சாக்கெட்டின் மேல் துளையைக் குத்திக்கொண்டிருந்தால், அவருடைய பிளக்குக்கு ஏற்ற இடம் அந்த அறையில் இல்லை என்று அர்த்தம். மூடி வைத்த மூன்று துளை சாக்கெட்டில் எர்த் துளைக்குள் ஏதாவது போனால்தான் கீழே உள்ள இரண்டும் திறக்கும். இரண்டு முனை பிளக்கோடு ஊர் சுற்றுபவர்களுக்கு இந்த வித்தை அத்துப்படி. பேனா இருக்கும் இடத்தில் ஒரு இரும்புக் கம்பி இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதைத் தவிர்க்கத்தான் இந்தச் செய்முறை.

ஆரம்பிக்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டை மாற்றினால் பிளக் நுழையும், அவ்வளவுதான். சுவருக்குள் ஓடும் வோல்டேஜ் அப்படியேதான் இருக்கும். கீழே சொல்வதெல்லாம் 230 வோல்ட் உள்ள இடத்தை வைத்துத்தான்.

முதல் படி: வருகிறவர்களின் பிளக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

உலகில் பத்துப் பதினைந்து வகை பிளக்குகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் விடுதியின் விருந்தினர் பதிவேட்டைப் புரட்டினால் எந்த நாட்டவர் அதிகம் வருகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

அமெரிக்கா, ஜப்பான் என்றால் இரண்டு தட்டை முனை. அமெரிக்காவில் கீழே உருண்டையாக ஒரு எர்த் முனையும் சேரும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இரண்டு உருண்டை முனை. பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியாவில் மூன்று செவ்வக முனை, பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸ். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் சாய்ந்த தட்டை முனைகள். இந்தியா, இலங்கையிலிருந்து வருபவர்களிடம் மூன்று உருண்டை முனை இருக்கும்; இலங்கையில் பிரிட்டிஷ் வகையும் புழக்கத்தில் உண்டு.

ஐரோப்பிய பிளக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. போன் சார்ஜரில் வரும் மெல்லிய பிளக்கின் முனை 4 மில்லிமீட்டர் தடிமன், 2.5 ஆம்பியர் வரைதான் தாங்கும். ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டியில் வரும் பருத்த பிளக்கின் முனை 4.8 மில்லிமீட்டர், 16 ஆம்பியர். இந்திய வகை சாக்கெட்டின் துளை 5 மில்லிமீட்டர் முனைக்காகச் செய்யப்பட்டது. அதில் மெல்லிய பிளக்கைச் செருகினால் நுழையும், ஆனால் தளரத் தளர ஆடும். ஆடும் இடத்தில் பொறி பறக்கும், சூடேறும். "அதான் போகிறதே" என்று விட்டுவிடக் கூடாது.

இரண்டாம் படி: பிளக்கை விட்டுவிட்டுப் பொருளைப் பாருங்கள்

போன், மடிக்கணினி, கேமரா சார்ஜர்களின் அடியில் பொடி எழுத்தில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். இவை எந்த நாட்டிலும் ஓடும். தூக்கத்தில் மூச்சுத் திணறுபவர்கள் கொண்டுவரும் சிபாப் கருவிகளிலும் பெரும்பாலும் இதே எழுத்துதான்.

சிக்கல் சூடாக்கும் பொருள்களில். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100. அமெரிக்காவில் வாங்கிய 1500 வாட் ஹேர் டிரையரை 230 வோல்ட்டில் போட்டால் கணக்குப்படி சுமார் 5500 வாட், 24 ஆம்பியர் இழுக்கும். சுமை மிகுந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்சிபி சுவிட்ச் உடனே விழுந்துவிடும் என்று நம்பாதீர்கள். இந்த அளவு மிகைச் சுமைக்கு அது விழச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதற்குள் டிரையர் கருகிவிடும்.

அதனால் என் கருத்து இது: தட்டை முனைக்கென்று தனி அமெரிக்க சாக்கெட்டைச் சுவரில் பதிக்காதீர்கள். தன் ஊர் சாக்கெட்டைப் பார்த்ததும் விருந்தினர் யோசிக்காமல் செருகிவிடுவார். அந்த வகை சாக்கெட்டுகள் பலவும் 125 வோல்ட்டுக்கு என்றே செய்யப்பட்டவை. பிலிப்பைன்ஸில் தட்டை முனை சாக்கெட்டிலேயே 220 வோல்ட்டுக்கு மேல் வருகிறது, உண்மைதான். ஆனால் அங்கே வாழ்பவர்களுக்கு அது பழக்கம், உங்கள் விருந்தினருக்கு அல்ல.

ஹேர் டிரையர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் நீங்களே அறையில் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி: முதலில் யூஎஸ்பி

யூஎஸ்பி கேபிள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். கட்டிலின் இரண்டு பக்கமும் யூஎஸ்பி சி துளை உள்ள சாக்கெட் வையுங்கள். போனுக்கு 20 வாட் போதும். மேசைப் பக்கம் 65 வாட் வைத்தால் பல மெலிந்த மடிக்கணினிகளுக்கும் சார்ஜ் ஏறும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பெட்டியில் போட்டிருக்கும் வாட் பல சமயம் எல்லாத் துளைகளுக்கும் சேர்த்துச் சொன்னது. இரண்டு போன் மாட்டியதும் வேகம் பாதியாகிவிடும்.

நான்காம் படி: யுனிவர்சல் சாக்கெட்டா, தனித்தனியா?

எல்லா பிளக்கும் நுழையும் யுனிவர்சல் சாக்கெட் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். எல்லாம் நுழைய வேண்டும் என்பதால் எதையும் இறுகப் பிடிக்காது என்பதுதான் அதன் குறை. இன்னொன்று, எர்த். ஜெர்மன் பிளக்கில் எர்த் இருப்பது பக்கவாட்டுத் தகட்டில். பிரெஞ்சு முறையில் சாக்கெட்டிலிருந்தே ஒரு முனை வெளியே நீட்டியிருக்கும். தட்டையான யுனிவர்சல் சாக்கெட்டில் இரண்டுக்கும் எர்த் கிடைக்காது. உலோக உடல் மடிக்கணினியைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுப்பதற்கு இப்படி எர்த் விட்டுப்போவது ஒரு காரணம். கெட்டிலில் எர்த் இல்லையென்றால் அது உயிருக்கே ஆபத்து.

ஆகவே ஐரோப்பியர் அதிகம் வந்தால் மேசையருகே குழிவான ஜெர்மன் வகை சாக்கெட் ஒன்று. பிரிட்டிஷ் விருந்தினர் அதிகமென்றால் அவர்கள் வகை ஒன்று. அறைக்கு இரண்டு போதும். யுனிவர்சல்தான் வேண்டும் என்றால் துளைகளுக்கு மூடி உள்ளதாக, 250 வோல்ட் என்று பொறித்ததாகப் பார்த்து வாங்கி, சார்ஜருக்கு மட்டும் என்று எழுதி ஒட்டுங்கள்.

ஐந்தாம் படி: எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்

இது நீங்களே செய்யும் வேலை இல்லை. சில நாடுகளில் வேற்று நாட்டு சாக்கெட்டைச் சுவரில் பதிக்க விதியே இடம் தராது. அங்கே உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கேட்டுவிட்டு, கடைசியில் சொல்லும் அடாப்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விதி இடம் தந்தால் அவரிடம் இவற்றைக் கேளுங்கள்.

அந்த இணைப்புக்கு, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பாதுகாப்பு இருக்கிறதா? எம்சிபி அளவு, வயரும் சாக்கெட்டும் தாங்கும் அளவுக்குள் இருக்கிறதா? ஆஸ்திரேலிய சாக்கெட் பொதுவாக 10 ஆம்பியர்தான். பிரிட்டிஷ் முறையில் 32 ஆம்பியர் வளையமாக வயரிங் செய்த கட்டடமாக இருந்தால் இது ரொம்ப முக்கியம். அங்கே பாதுகாப்பே பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ்தான், ஐரோப்பிய பிளக்கில் அது கிடையாது. எனவே புது சாக்கெட்டுக்கு முன் தனி ஃபியூஸ் வைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பக்கத்தில் நின்று பாருங்கள். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட் காட்ட வேண்டும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் டப்பென்று விழ வேண்டும். அப்புறம் அந்த வகை பிளக் உள்ள இஸ்திரிப் பெட்டியை அரை மணி நேரம் ஓடவிட்டு, சாக்கெட்டின் முகத்தில் புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. சுட்டால் உள்ளே ஸ்க்ரூ தளர்வாக இருக்கலாம், கழற்றி இறுக்கச் சொல்லுங்கள்.

குளியலறைக்கு இந்த சாக்கெட் எதுவும் வேண்டாம். ஷேவர் சாக்கெட் என்றே தனியாக விற்கிறார்கள், 115 வோல்ட், 230 வோல்ட் இரண்டும் அதில் வரும். உள்ளே தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. ஷேவர் போன்ற சின்னக் கருவிகளைத் தவிர வேறெதையும் அது தாங்காது.

ஆறாம் படி: அட்டையும் அடாப்டரும்

ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் மேலே, விருந்தினர் படிக்கும் மொழியில் இரண்டே வரி: "இங்கே 230 வோல்ட். உங்கள் கருவியில் 100–240 அல்லது 220–240 என்று இருந்தால் மட்டும் செருகவும்." படுக்கையில் உட்கார்ந்தபடி படிக்கும் அளவு எழுத்து இருக்கட்டும்.

மீதி நாட்டவர்களுக்கு வரவேற்பறையில் அடாப்டர்கள். ஃபியூஸ் உள்ளவையாக வாங்கி, ஒவ்வொன்றிலும் அறை எண்ணை அழியாத மையில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அவை பெட்டியோடு விமானம் ஏறிவிடும். திரும்பி வரும்போது முனைகளைப் பாருங்கள்: பழுப்புக் கறையோ உருகிய பிளாஸ்டிக் வாடையோ இருந்தால் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, அந்த அறையின் சாக்கெட்டையும் அன்றே பார்த்துவிடுங்கள்.