போனை அணைத்துவிட்டு ஏரிக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து, பொன்னேரியில் இறங்கி, பஸ் மாறிப் பழவேற்காடு ஏரிக்கு வருகிற இளைஞர்கள் இப்போது அதிகம். ஒரு நாளாவது போனைத் தொடாமல் இளைப்பாற வேண்டும் என்று வருகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மாலையில் பஸ் ஏறும்போது, வந்ததைவிடக் களைத்துப்போயிருக்கிறார்கள். நாங்கள் முன்பு தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். தண்ணீர், தொப்பி போன்றவற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"போட்டோவுக்கு மட்டும்தான் அண்ணா"

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. நெட்டை அணைத்துவிட்டு, போனைக் கையிலேயே வைத்திருப்பார்கள். கண் ஏரியைப் பார்க்காது. எந்தக் கோணத்தில் எடுக்கலாம் என்றே அலையும். அதில் என்ன ஓய்வு இருக்கிறது?

பனிக்காலத்தில் பூநாரைகள் இங்கே கூட்டமாக இறங்கும். ஆழமில்லாத நீரில் காலால் சேற்றைக் கிளறிக்கொண்டே, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நீரை வடித்து, நுண்ணிய இரையை மட்டும் நிறுத்திக்கொள்ளும். கரையில் அசையாமல் நின்றால் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். போனிலோ அது வெறும் வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியைப் பெரிதாக்கத்தான் சேற்றில் இறங்குகிறார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஒரு தம்பி அப்படி இறங்கி முழங்கால் வரை புதைந்தான். அதற்குள் கூட்டம் முழுவதும் நீர்மேல் தடதடவென்று ஓடி எழும்பிவிட்டது. வெகுநேரமாகக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். தம்பிக்கு ஒரு படமும் கிடைக்கவில்லை. இரை தேடி அவ்வளவு தூரம் வந்த பறவைகளை, ஓய்வு தேடி வந்தவர்களே விரட்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னும் கிட்டே போக வேண்டும் என்று சிலர் படகு விசாரிக்கிறார்கள். 2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள்.

நீருக்குள் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களையும் இவர்கள் விடுவதில்லை. பிடித்த இறாலைப் போடும் பனையோலைக் கூடையான பறியைப் பல்லால் கவ்வியிருப்பதால், வேண்டாம் என்று சொல்லக்கூட அவர்களால் வாய் திறக்க முடியாது. அந்த முகத்துக்கு நேராகப் போனை நீட்டுவது அநியாயம்.

பொன்னேரியிலேயே அணைத்து, பையின் அடியில் சாப்பாட்டுப் பாத்திரத்துக்குக் கீழே போட்டுவிடுங்கள். பறவையைக் கிட்டத்தில் பார்க்கத்தான் வேண்டுமென்றால், கூட்டத்துக்கு ஒரு பைனாகுலர் போதும்.

வீட்டில் சொல்லாமல் அணைப்பது

காசிமேட்டில் விசைப்படகு ஏறுகிறவர் எந்த நாள் கரை திரும்புவார் என்பது அவர் வீட்டுக்குத் தெரியும். நீங்களும் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். கூட்டத்தில் ஒருவருடைய போன் மட்டும் திறந்திருக்கட்டும். அந்த எண்ணை எல்லார் வீட்டிலும் கொடுத்துவிடுங்கள். அம்மா மாலைவரை பதறிக்கொண்டிருந்தால் உங்களுக்கு மட்டும் எப்படி நிம்மதி வரும்?

பணம் முழுவதும் போனில்

சில்லறை நோட்டாகக் கொண்டுவாருங்கள்.

ஒரே நாளில் எல்லா இடமும்

டச்சுக்காரர்களின் கல்லறை, கலங்கரை விளக்கம், கடற்கரை என்று பட்டியல் போடாதீர்கள். ஏரி ஒன்றே போதும்.

ஸ்பீக்கர்

வேண்டவே வேண்டாம்.

சலிப்பு வந்ததும் கிளம்புவது

வந்து ஒரு மணி நேரத்துக்குள் கை தானாகச் சட்டைப்பையைத் தடவும். வராத அழைப்பு வந்ததுபோல் தொடை அதிரும். "இங்கே ஒன்றுமில்லையே" என்று தோன்றும். பலர் அப்போதே பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிறார்கள். பிடிவாதமாக உட்கார்ந்திருங்கள். உச்சி வெயிலில் ஏரிக்கரையில் நிற்கவும் முடியாது. மரநிழலில் சாப்பிட்டுவிட்டு, தூக்கம் வந்தால் துண்டை விரித்துத் தூங்குங்கள். வெயில் தாழ்ந்ததும் மறுபடி கரைக்கு வாருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.