ஏரி வரைபடத்தை இணையத்தில் ஏற்றுவது: தருமபுரி, கிருஷ்ணகிரிக்கான செய்முறை

கிழக்குத் தீர்க்கரேகை 78 டிகிரி இந்த இரண்டு மாவட்டங்களையும் வடக்குத் தெற்காகக் கிழித்துக்கொண்டு போகிறது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் எல்லாம் அதற்கு மேற்கே. கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரை, பாலக்கோடு, தருமபுரி, அரூர் கிழக்கே. ராயக்கோட்டை கிழக்குப் பக்கம்தான், ஆனால் அந்தத் தீர்க்கரேகையை ஒட்டியே இருக்கிறது. பூமியை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யூடிஎம் அளவை முறையில் 43-ஆம் மண்டலம் முடிந்து 44 தொடங்குவது இந்தக் கோட்டில்தான். கோவையில் வேலை செய்பவர் 43-ஐயும் சென்னையில் இருப்பவர் 44-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். இங்கே அது நடக்காது.

வேண்டியவை அதிகமில்லை. கணினியில் க்யூஜிஐஎஸ் (இலவச வரைபட மென்பொருள்), போனில் அதன் துணைச் செயலி க்யூஃபீல்டு, ஏரியின் புல எண் (சர்வே எண்), புலப்படம் (புலத்தை அளந்து வரைந்த படம்), வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் உள்ள பரப்பு. க்யூஜிஐஎஸ்ஸில் நீண்டகால ஆதரவு உள்ள பதிப்பையே இறக்குங்கள். அன்றைக்கு வந்த புதுப் பதிப்பில் பிளகின்கள் (கூடுதல் செருகுநிரல்கள்) பாதி ஓடாது.

எந்தக் கோடு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே ஏரிக்கு மூன்று எல்லைகள் உண்டு. வருவாய்ப் பதிவேட்டில் உள்ள ஏரிப் புறம்போக்கின் எல்லை ஒன்று. கோடி போகும் (உபரி நீர் வழியும்) அளவுக்கு நிரம்பும்போது தண்ணீர் நிற்கும் விளிம்பு இரண்டாவது. இன்றைய தேதியில் தண்ணீர் உள்ள இடம் மூன்றாவது. பாரூர் ஏரியானாலும் ஊர்க் குட்டையானாலும் இதே கதைதான். மூன்றையும் ஒரே லேயரில் (வரைபட அடுக்கில்) கலந்தால், 'ஏரி சுருங்கிவிட்டது' என்று வரைபடம் சொல்வது ஆக்கிரமிப்பாலா, வறட்சியாலா என்று யாராலும் பிரிக்க முடியாது. ஆகவே மூன்றுக்கும் தனித்தனி லேயர் வையுங்கள். ஒவ்வொன்றிலும் 'மூலம்', 'தேதி' என்று அட்டவணையில் இரண்டு பத்திகள் (நெடுவரிசைகள்) கட்டாயம் இருக்கட்டும்.

கோப்பு வகை ஜியோபேக்கேஜ் ஆக இருக்கட்டும். ஷேப்ஃபைல் பழகிய வகைதான், ஆனால் தமிழுக்கு ஆகாது. அதில் பத்தியின் பெயர் 10 பைட்டுக்கு மேல் போகாது. யூடிஎஃப்-8 எழுத்துக் குறியேற்றத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'நீர்ப்பரப்பு' என்று பெயர் வைத்தால் முதல் மூன்று குறியீடுகளோடு அறுந்துவிடும். ஷேப்ஃபைலை அனுப்புகிறவர் கூடவே வர வேண்டிய, எழுத்துக் குறியேற்றம் எது என்று சொல்லும் சிபிஜி கோப்பை விட்டுவிட்டால், ஊர்ப் பெயரெல்லாம் கிறுக்கலாகத் தெரியும்.

மாவட்ட எல்லையைத் தனியாக இறக்குவதானால் அது எந்த ஆண்டுடையது என்று பாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004 பிப்ரவரி 9-இல். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டிய எல்லைக் கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஓசூர் தருமபுரி மாவட்டத்துக்குள் இருக்கும். சூளகிரி, அஞ்செட்டி தாலுகாக்கள் பழைய கோப்பில் இருக்காது. அட்டவணையை எல்லையோடு இணைக்கும்போது பெயரை நம்பாதீர்கள். ஒரு கோப்பில் தருமபுரி என்றிருக்கும், இன்னொன்றில் தர்மபுரி; வரிசை இணையாமல் காலியாக நிற்கும், பிழைச் செய்தியும் வராது. மத்திய அரசின் உள்ளாட்சிக் கோப்பகத்தில் (எல்ஜிடி) உள்ள எண் குறியீட்டை வைத்து இணையுங்கள்.

43-ஆ, 44-ஆ

வேலைக்கு ஒரே ஒரு மண்டலத்தைத் தேர்ந்து இரண்டு மாவட்டத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். 44 வசதி, அதன் இபிஎஸ்ஜி எண் (ஆயமுறை ஒவ்வொன்றுக்கும் உள்ள அடையாள எண்) 32644. ஓசூர் அந்த மண்டலத்துக்கு வெளியே விழுந்தாலும் கெடுதல் இல்லை. அங்கே நீளத்தில் வரும் பிழை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவு, பரப்பில் சுமார் 0.2 சதவீதம். போன் ஜிபிஎஸ்ஸின் பிழை இதைவிடப் பெரியது.

கெடுதல் வருவது கலப்பில்தான். யாரோ 43-இல் எடுத்த ஓசூர்ப் புள்ளிகளுக்கு 44 என்று முத்திரை குத்தினால், ராமநாயக்கன் ஏரி சரியாக 6 டிகிரி கிழக்கே நகர்ந்து வங்கக் கடலில் மிதக்கும். 44-இல் எடுத்த கிருஷ்ணகிரிப் புள்ளிகளுக்கு 43 போட்டால் லட்சத்தீவுப் பக்கம் அரபிக் கடலில் போய் விழும். எண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்: கிழக்குத் தொலைவு ஆறு இலக்கத்தில் 7 அல்லது 8-இல் தொடங்கினால் அது 43, 1 அல்லது 2-இல் தொடங்கினால் 44.

இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'செட் லேயர் சிஆர்எஸ்' (சிஆர்எஸ் என்றால் ஆயமுறை) என்பது முத்திரையை மட்டும் மாற்றும், எண்களைத் தொடாது. முத்திரை தவறாக இருந்தால் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். முத்திரை சரி, மண்டலத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் 'ரீப்ரொஜெக்ட் லேயர்' கருவி. முதலாவதைத் தட்டிவிட்டு ஏரியைக் காணோமே என்று தேடுவது வழக்கமான காட்சி.

புலப்படத்தைப் பொருத்துதல்

நில ஆவண இணையதளத்தில் கிடைக்கும் புலப்படத்தில் அளவுகள் இருக்கும், பூமியில் அது எங்கே என்பது இருக்காது. அதற்குக் களத்தில் சர்வே கற்களைத் தேட வேண்டும். நான்கு கல் கிடைத்தால் நல்லது. அவை ஏரியின் நான்கு பக்கமும் பரவியிருக்க வேண்டும். நான்கும் கரையோரம் ஒரே வரிசையில் இருந்தால் மறுபக்கம் ஆடும். திறந்த வெளியில் போன் ஜிபிஎஸ் 3 முதல் 5 மீட்டர் வரை பிசகும், புளியமரத்தடியில் இன்னும் கூடும். க்யூஃபீல்டில் சராசரி எடுக்கும் வசதியைப் போட்டு, கல்லின் தலையில் போனை வைத்து இரண்டு நிமிடம் அசையாமல் விடுங்கள்.

பிறகு க்யூஜிஐஎஸ்ஸில் 'லேயர்' மெனுவில் உள்ள ஜியோரெஃபரன்சரை (படத்தைப் பூமியில் பொருத்தும் கருவி) திறந்து, புலப்படத்தில் கல் உள்ள மூலையைச் சொடுக்கி, களத்தில் எடுத்த ஆயத்தொலையைக் கொடுங்கள். உருமாற்ற வகையில் 'ஹெல்மர்ட்' தேர்ந்தெடுங்கள். அது படத்தை நகர்த்தும், சுழற்றும், ஒரே சீராகப் பெருக்கும், கோணத்தைக் கெடுக்காது. புலப்படம் அளந்து வரைந்தது, அதன் வடிவம் சரி என்று எடுத்துக்கொள்வதே முறை. 'தின் பிளேட் ஸ்ப்லைன்' போட்டால் எச்சப்பிழை (பொருத்திய பின் கல்லுக்கும் படத்துக்கும் மிஞ்சும் விலகல்) எல்லாம் பூஜ்யம் என்று காட்டி மகிழ்விக்கும். அது படத்தை ரப்பர் போல இழுத்து உங்கள் ஜிபிஎஸ் பிழையைப் புலத்துக்குள் திணித்துவிட்டது என்று பொருள். ஹெல்மர்ட்டில் ஒரு கல்லின் எச்சப்பிழை மட்டும் 15, 20 மீட்டர் என்று துருத்திக்கொண்டு நின்றால், அந்தக் கல் இடம் மாறியிருக்கலாம், அல்லது பக்கத்துப் புலத்தின் கல்லாக இருக்கலாம். அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

இப்படிப் பொருத்திய கோடு சட்டப்படி எல்லை ஆகாது. எல்லைத் தகராறு வந்தால் சர்வேயர் அளந்து காட்டுவதுதான் செல்லும். இதை வரைபடத்தின் அடியிலேயே எழுதிவிடுங்கள்.

தண்ணீர் விளிம்பு

இலவசமாகக் கிடைப்பதில் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் போதுமானது. கோபர்னிகஸ் உலாவியில் இறக்கலாம், ஒரு பிக்சல் 10 மீட்டர். பச்சைப் பட்டை பி3, அண்மை அகச்சிவப்பு பி8. ராஸ்டர் கால்குலேட்டரில் பி3-இல் இருந்து பி8-ஐக் கழித்து, வருவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், தண்ணீர் உள்ள இடம் பூஜ்யத்துக்கு மேலே நிற்கும். கலங்கிய தண்ணீரில் இந்தப் பூஜ்ய எல்லைமதிப்பைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டியிருக்கும்.

ஏமாற்றும் இடம் இரண்டு. ஆகாயத்தாமரை மூடிய ஏரி இந்தக் கணக்கில் வயலாகவே தெரியும், கீழே பத்தடித் தண்ணீர் இருந்தாலும். மலையடிவார ஏரிகளில் காலை நிழல் தண்ணீராகத் தெரியும். இரண்டையும் இயல்பு வண்ணப் படத்தோடு ஒப்பிட்டுக் கையால் திருத்துவதைத் தவிர வழியில்லை.

சிறு குட்டைகளுக்கு இந்த முறையே வேண்டாம். ஒரு பிக்சல் 100 சதுர மீட்டர், அதாவது ஓர் ஏர். ஒரு ஏக்கர் குட்டைக்குக் கிடைப்பது சுமார் 40 பிக்சல், அதில் பாதிக்கு மேல் கரையும் தண்ணீரும் கலந்த ஓரப் பிக்சல்கள். வரும் பரப்பு ஊகம்தான். இரண்டு ஏக்கருக்குக் கீழே உள்ளவற்றை க்யூஃபீல்டைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றி நடந்து வரையுங்கள்.

பரப்பை இங்கேயே கணக்கிடுங்கள்

இணையத்துக்குப் போகும் முன் பரப்பை ஒரு பத்தியில் எழுதி முடித்துவிட வேண்டும். இணைய வரைபடங்களின் மெர்கேட்டர் வீச்சு (இபிஎஸ்ஜி 3857) நம் அட்சரேகையில், 12.5 டிகிரியில், பரப்பை 5 சதவீதத்துக்கு மேல் ஊதிக் காட்டும். 100 ஹெக்டேர் ஏரி 105-ஐத் தாண்டிவிடும். கிராம சபையில் அந்த எண்ணை வாசித்தால், 'அ' பதிவேட்டை வைத்திருப்பவர் எழுந்து நிற்பார்.

ஃபீல்டு கால்குலேட்டரில் டாலர் குறியோடு வரும் ஏரியா சார்பு, புராஜெக்டில் குறித்த நீள்கோளத்தின் (பூமியின் உருண்டை வடிவத்தின்) மேல் கணக்கிடும். அதையே பயன்படுத்துங்கள். அடைப்புக்குறிக்குள் ஜியோமெட்ரி கேட்கும் ஏரியா சார்பு, லேயரின் தட்டை ஆயத்தொலையில் கணக்கிடும். லேயர் டிகிரியில் இருந்தால் 0.00008 என்பது போல் ஒன்றுக்கும் உதவாத எண் வரும். சதுர மீட்டரை 10,000-ஆல் வகுத்தால் ஹெக்டேர், 4046.86-ஆல் வகுத்தால் ஏக்கர். பதிவேட்டோடு ஒப்பிட ஹெக்டேர்–ஏர், ஊர்க்காரர்கள் படிக்க ஏக்கர்–சென்ட். இரண்டு பத்தியும் இருக்கட்டும்.

இணையத்துக்கு அனுப்புதல்

யூடிஎம்மில் இருக்கும்போதே 'சிம்ப்ளிஃபை' கருவியில் 2 மீட்டர் கொடுத்துப் புள்ளிகளைக் குறையுங்கள். டிகிரியில் உள்ள லேயருக்கு 2 என்று கொடுத்தால் ஏரியே காணாமல் போகும். ஒன்றையொன்று ஒட்டிய கிராம எல்லைகளுக்கு இந்தக் கருவி ஆகாது, நடுவில் இடைவெளி விழும். அதற்கு உலாவியிலேயே ஓடும் மேப்ஷேப்பர் நல்லது.

ஜியோஜேசனாக (இணைய வரைபடங்கள் படிக்கும் கோப்பு வகை) ஏற்றுமதி செய்யும்போது ஆயமுறை இபிஎஸ்ஜி 4326, ஆயத்தொலைத் துல்லியம் 6. தானாக இருப்பது 15 தசமம், கோப்பை வீணாகப் பெருக்கும். ஐந்தாம் தசமமே 1.1 மீட்டர்தான்.

ஒரு சில நூறு ஏரிகள் என்றால் க்யூஜிஐஎஸ்2வெப் பிளகினில் 'லீஃப்லெட்' (உலாவியில் வரைபடம் காட்டும் நிரல் நூலகம்) தேர்ந்து ஏற்றுமதி செய்தால் போதும். கைப்பட நிரல் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஜியோஜேசனில் தீர்க்கரேகை முதலில், லீஃப்லெட்டில் அட்சரேகை முதலில். மாறிப்போனால் கிருஷ்ணகிரி 78.21 வடக்கு, 12.52 கிழக்கு ஆகி, ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு பக்கம் போய்விடும். வரைபடம் வெறும் நீலமாகத் திறந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆயிரக்கணக்கான புலங்கள், கோப்பு 5 எம்பிக்கு மேல் என்றால் போன் திணறும். அப்போது பிஎம்டைல்ஸ். வரைபட ஓடுகள் (வரைபடத்தை வெட்டிய சதுரத் துண்டுகள்) அனைத்தையும் ஒரே கோப்பில் அடுக்கி, உலாவி தனக்கு வேண்டிய துண்டை மட்டும் கேட்டு வாங்கும் வகை. தனி வரைபட சர்வர் வேண்டாம். இந்தக் கோப்பைத் தயாரிக்கும் டிப்பிகனூ கருவி நேரடியாக விண்டோஸில் ஓடாது. ஜிடால் என்ற வரைபடத் தரவு நூலகத்தின் 3.8 பதிப்பு முதல் ஓஜிஆர்2ஓஜிஆர் கட்டளையே இதை எழுதும், ஆனால் உச்ச ஜூமை 14 என்று நீங்களே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 5-லேயே நின்றுவிடும், ஏரிகள் முக்கோணங்களாகத் தெரியும். பைத்தானோடு வரும் எளிய சர்வரில் சோதித்தால் ஒன்றும் வராது. துண்டு துண்டாகக் கேட்கும் கோரிக்கை அதற்குப் புரியாது.

பிஎம்டைல்ஸை உலாவியில் காட்ட மேப்லிப்ரே நூலகம் வேண்டும். மேப்பாக்ஸ் நிறுவனம் தன் வரைபட நூலகத்தின் உரிமத்தை 2020 டிசம்பரில் மாற்றியபோது பிரிந்து வந்த திறந்த மென்பொருள் அது. வேகம் அருமை, தமிழில்தான் கோளாறு. எழுத்துகளைத் தனித்தனிக் குறியீடாக அடுக்கும் பதிப்புகளில் கொம்பு முன்னால் வராமல் பின்னால் ஒட்டும். 'தேன்கனிக்கோட்டை' என்று எழுதிச் சோதியுங்கள். தே, கோ, டை மூன்றும் அதில் இருக்கின்றன, ஒன்று உடைந்தாலும் தெரிந்துவிடும். உடைந்தால் ஊர்ப் பெயரை ஓட்டுக்குள் வைக்காமல், எச்டிஎம்எல் மார்க்கராக மேலே வையுங்கள். உலாவியே எழுத்தைக் கோத்துக் காட்டும். லீஃப்லெட்டின் டூல்டிப்பில் இந்தத் தொல்லையே இல்லை, ஆகவே பெயர்கள்தான் முக்கியம் என்றால் லீஃப்லெட்டோடு நில்லுங்கள்.

பின்னணிக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப் போட்டால் பங்களிப்பாளர்கள் பெயர் மூலையில் தெரிய வேண்டும். அதன் இலவச ஓடுகளை மொத்தமாக இறக்குவதற்குத் தடை உண்டு. கூகுள் படத்தின் மேல் வரைந்ததை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்ப்பதும் கூடாது. 2021 பிப்ரவரி 15-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலின்படி, இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி தேவையில்லை. ஆனால் கிடைமட்டத்தில் 1 மீட்டரைவிடத் துல்லியமான தரவு இந்தியாவிலுள்ள சர்வரில்தான் இருக்க வேண்டும். போன் ஜிபிஎஸ் அந்த வரம்புக்குள் வராது; ட்ரோன், ஆர்டிகே (சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமான ஜிபிஎஸ்) வைத்து அளந்தால் எங்கே ஏற்றுகிறீர்கள் என்று யோசியுங்கள்.

இணையப் பக்கங்களை இலவசமாக வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றினால் ஒரு கோப்பு 100 எம்பிக்கு மேல் கூடாது, உலாவி வழியே ஏற்றினால் 25. கோப்புப் பெயர்களைச் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். விண்டோஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று, அங்கே வேறு வேறு. கணினியில் ஓடிய வரைபடம் ஏற்றியதும் காலியாக நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தரவைத் திருத்தி மறுபடி ஏற்றிய பிறகும் போனில் பழைய ஏரியே தெரிந்தால் உலாவியின் தற்காலிகச் சேமிப்பைச் சந்தேகப்படுங்கள். கோப்புப் பெயரிலேயே தேதியைச் சேர்த்துவிட்டால் அந்தத் தொல்லை வராது.