எண்ட்ரோபியைக் கடன் வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

வேறு துறையிலிருந்து ஒரு கருத்தை எடுத்து ஆய்வேட்டில் வைக்கிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு ஒன்றுதான்: சொல் வந்துவிட்டால் பொருளும் கூடவே வந்துவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள்.

எண்ட்ரோபியையே எடுத்துக்கொள்வோம். 1865-இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் வெப்பவியலுக்காக உண்டாக்கிய சொல். 1948-இல் பெல் ஆய்வகத்தில் இருந்த கிளாட் ஷானன், ஒரு செய்தியில் நிச்சயமின்மை எவ்வளவு என்று அளக்க எழுதிய சூத்திரம், இயற்பியலில் போல்ட்ஸ்மன் வழி வந்த எண்ட்ரோபி சூத்திரத்தின் வடிவத்திலேயே இருந்தது, அதனால் பெயரும் அதுவே ஆயிற்று. பின்னால் சூழலியல்காரர்கள் அதை எடுத்து ஓரிடத்தின் இனப் பன்மையை அளக்கத் தொடங்கினார்கள். இப்போது ஒருவர் "எண்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை, ஆகவே எண்ட்ரோபி கூடிய காடு சீர்குலைந்த காடு" என்று எழுதினால் என்ன ஆகும்? விஷயம் தலைகீழாகிவிடும். அங்கே அந்த எண் கூடினால் இனங்கள் அதிகம் என்றோ, எண்ணிக்கை சமமாகப் பரவியிருக்கிறது என்றோதான் அர்த்தம்.

சரி, பொருள் புரிந்தாலும் அளவில் சறுக்குவார்கள். என்னிடம் வந்த ஒரு மாணவி தன் குளத்துப் பறவைக் கணக்கைப் பழைய கட்டுரை ஒன்றோடு ஒப்பிட்டு, பன்மை குறைந்துவிட்டது என்று வருத்தமாக முடிவு எழுதியிருந்தார். கொக்கு, நாரை, நீர்க்காகம், முக்குளிப்பான், நான்கும் ஏறத்தாழ சம எண்ணிக்கை. ஷானன் சூத்திரப்படி அவருக்கு வந்தது 1.39. பழைய கட்டுரையில் 2. உட்கார்ந்து பார்த்தோம், அங்கேயும் நான்கு இனம்தான், அதே சமம்தான்! தகவல் கோட்பாட்டுப் பழக்கப்படி அவர்கள் சூத்திரத்தில் வரும் லாக்கை (மடக்கையை) 2-ஐ அடிமானமாக வைத்து எடுத்திருக்கிறார்கள், இவர் இயல் லாக், அதாவது e (ஏறத்தாழ 2.718) அடிமானமாக உள்ள லாக் எடுத்திருக்கிறார். பறவைகள் எங்கேயும் போகவில்லை. ஆகவே அடிமானம் என்ன என்று எழுதாமல் அந்த எண்ணை மட்டும் அச்சில் ஏற்றாதீர்கள்.

அப்புறம் பெயர். இனப் பன்மையை அளக்கும் இந்த எண்ணை ஷானன்-வீவர் குறியீடு என்று எழுதும் வழக்கம் இன்னும் போகவில்லை. சூத்திரம் ஷானனுடையது, 1949-இல் வந்த புத்தகத்தில் வாரன் வீவரின் விளக்கக் கட்டுரையும் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். மூலத்தைத் திறந்து பார்க்காமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் மேற்கோள் எடுப்பதால் வருகிற கோளாறு இது.

மூலத்தைத் திறக்கிறவர்கள் ஷானன் 1956-இல் எழுதிய ஒரு சின்னக் குறிப்பையும் படித்துவிடுங்கள். தன் கோட்பாட்டை உளவியல், பொருளாதாரம் என்று எல்லாரும் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து, சொற்களைப் புது இடத்துக்கு மாற்றிப் போட்டால் போதாது, அந்தந்தத் துறையில் சோதனை செய்து சரிபார்க்கும் மெதுவான வேலை இருக்கிறது என்று அவரே சொல்கிறார். தன் கருத்துக்கு மவுசு கூடிய நேரத்தில் இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

இன்னொன்று, திசை. கருத்துகள் எப்போதும் இயற்பியலிலிருந்து மற்ற துறைகளுக்கு இறங்கி வருவதாகவே படம் வரைகிறார்கள். அளவீட்டுப் பிழைகள் எப்படிப் பரவுகின்றன என்று காட்டும் வானியல்காரர்களின் மணி வடிவ வளைகோட்டை பெல்ஜியத்தின் புள்ளியியலாளர் கெட்லே மனிதர்களின் உடல் அளவுகளுக்குப் பொருத்தினார், அதைப் பற்றி வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1850-இல் ஒரு நீண்ட மதிப்புரை எழுதினார், அந்த வழியாகத்தான் அதே வளைகோடு 1860-இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லின் வாயு மூலக்கூறு வேகக் கணக்குக்குள் வந்திருக்க வேண்டும் என்று அறிவியல் வரலாற்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எண்ட்ரோபியும் இயற்பியலுக்குத் திரும்பிப் போனது: 1957-இல் இயற்பியலாளர் ஜெய்ன்ஸ், ஷானனின் அளவையிலிருந்தே புள்ளியியல் இயற்பியலைக் கட்டிக் காட்டினார். உங்கள் படத்தில் அம்புக்குறிக்கு இரண்டு பக்கமும் முனை போட இடம் விட்டு வையுங்கள்.