ஃபேர்ஃபாக்ஸுக்கு வருகிறீர்களா? பெட்டியில் கணிதப் புத்தகத்துக்கு இடம் வையுங்கள்

எங்கள் மகள் இங்குள்ள பெயர்பெற்ற டிஜே உயர்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கவே தகுதியில்லாமல் போனது ஆகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அது நடந்துகொண்டிருக்கிறது என்று தெரியாமல் நானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஃபேர்ஃபாக்ஸ் இருக்கிற அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவுக்கு ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு குடிவருகிறவர்கள் யாரும் இனி அப்படி உட்காரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பள்ளியில் சேர்ப்பது இங்கே எளிது. வீட்டு வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, தடுப்பூசி அட்டை, காசநோய்ப் பரிசோதனைச் சான்று, ஊர்ப் பள்ளியின் மதிப்பெண் பட்டியல் ஆகியவை போதும். நன்கொடை இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை. என்ன விசா என்பது சேர்க்கைக்குத் தடையாகாது. தெரிந்தவர் வீட்டு முகவரியைக் கொடுத்து வேறு வட்டாரப் பள்ளியில் சேர்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவத்தில் கேட்பார்கள். என் தோழி ஒருத்தி பெருமைக்காக ஆங்கிலம் என்று எழுதிவிட்டு, பிறகு மகனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மொழி உதவி கிடைக்காமல் ஒரு வருடம் அலைந்தாள். தமிழ் பேசும் வீடு என்றால் தமிழ் என்றே எழுதுங்கள்.

டிஜே என்பது தாமஸ் ஜெபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி. 1985-இல் தொடங்கிய அரசுப் பள்ளி, கட்டணம் கிடையாது. ஃபேர்ஃபாக்ஸ், ஆர்லிங்டன், லவுடன், பிரின்ஸ் வில்லியம் ஆகிய கவுண்டிகளிலும் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) ஃபால்ஸ் சர்ச் நகரத்திலும் குடியிருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கலாம். இங்கே எந்தத் தமிழ் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் ரசத்துக்கு வருவதற்குள் இந்தப் பள்ளியின் பேச்சு வந்துவிடும்.

பேசுகிறவர்களில் பலர் இன்னும் பழைய நுழைவுத் தேர்வைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தத் தேர்வு 2020-இல் நீக்கப்பட்டுவிட்டது. விண்ணப்பக் கட்டணமும் ஆசிரியர் பரிந்துரையும் அதோடு போயின. இப்போது பார்ப்பது மதிப்பெண் சராசரி, பிள்ளை தன்னைப் பற்றி எழுதும் பதில்கள், கணிதம் அல்லது அறிவியலில் ஒரு சிக்கலைத் தீர்த்து எழுதும் கட்டுரை ஆகியவற்றை. மதிப்பிடுகிறவருக்குப் பிள்ளையின் பெயரோ இனமோ தெரியாது, எண் மட்டுமே தெரியும். குடும்பத்தின் பொருளாதார நிலை, ஆங்கிலம் புதிதாகக் கற்கிற பிள்ளையா என்பது போன்றவற்றையும் கணக்கில் எடுப்பார்கள். ஒவ்வொரு அரசு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீதம் இடம் ஒதுக்கப்படுகிறது. எட்டாம் வகுப்பில் 400 பேர் இருந்தால் 6 இடம். மீதி இடங்களுக்கு எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் போட்டியிடலாம்.

இந்த 1.5 சதவீதத்தைச் சொன்னால் நம்மவர்களில் சிலருக்கு முகம் சுருங்குகிறது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு நீட் எழுதும் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் வந்தபோது, திருச்சியில் எங்கள் தெருவில் ஒரு கொத்தனாரின் மகளுக்காக நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். அதே நியாயம்தான் இதுவும். புதிய முறையில் முதன்முதலாகச் சேர்ந்த 550 பேரில் நான்கில் ஒரு பங்கு வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள். அதற்கு முந்தைய வருடம் அது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆசியப் பிள்ளைகளின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54 ஆகக் குறைந்தது உண்மை. அதை எதிர்த்துப் பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். 2022-இல் கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது, 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. வசதியுள்ள வட்டாரத்தின் நாலைந்து பள்ளிகளே ஒரு அரசுப் பள்ளியை நிரப்பிக்கொண்டிருந்தது சரியில்லை என்பது என் எண்ணம். ஆகவே பெயர்பெற்ற நடுநிலைப் பள்ளிக்காக மாதம் கூடுதல் வாடகை கொடுத்து வீடு பிடிக்காதீர்கள். அங்கே நெரிசல்தான் அதிகம்.

எங்களை விழுத்தியது இவை எதுவும் இல்லை. விண்ணப்பிக்கிற பிள்ளை எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா ஒன்று என்ற கணிதத்தையோ அதற்கு மேற்பட்டதையோ படித்துக்கொண்டிருக்க வேண்டும். ஃபேர்ஃபாக்ஸில் அது ஆனர்ஸ் என்கிற உயர்நிலை வகுப்பாக இருக்க வேண்டும், அறிவியலிலும் ஆனர்ஸ், ஆங்கிலம் அல்லது சமூக அறிவியல் இரண்டில் ஒன்றிலும் ஆனர்ஸ். இது இல்லாவிட்டால் விண்ணப்பமே கிடையாது. பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நம் ஊரில் எட்டாம் வகுப்பு என்றால் எல்லோருக்கும் ஒரே கணிதப் புத்தகம். அ பிரிவில் இருப்பவனும் ஈ பிரிவில் இருப்பவனும் ஒரே பாடத்தைத்தான் படிப்பார்கள். இங்கே ஒரே வகுப்பில் ஒருத்தி எட்டாம் வகுப்புக் கணிதம் படிக்கிறாள், பக்கத்தில் இருப்பவள் அல்ஜீப்ரா படிக்கிறாள், இன்னொருத்தி ஜியாமெட்ரிக்கே போய்விட்டாள். யார் எதைப் படிப்பது என்பதை ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே, வர்ஜீனியாவின் ஆண்டுத் தேர்வுகளையும், எந்த வகுப்பில் போடலாம் என்று பார்க்கும் இடத் தேர்வுகளையும் வைத்து முடிவு செய்துவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த மதிப்பெண்கள் எப்படி இருக்கும்?

பதிவு செய்யப் போன அன்று வழிகாட்டி ஆசிரியர் கணினியில் தேடினார், மகளுக்கு எந்த மதிப்பெண்ணும் இல்லை. ஊர் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்தேன். கணிதத்தில் 88. எங்கள் பள்ளியில் அந்த முறை கணிதத் தாள் கடினம், 88 வாங்கியவர்கள் மூன்று பேர். அந்தக் கதையை அவரிடம் எப்படிச் சொல்வது? இங்கே 90-க்குக் கீழே வந்தால் ஏ கிரேடு கிடையாது. அவர் கண்ணுக்கு அது நடுத்தர மாணவியின் மதிப்பெண். "புது நாடு, புது மொழி. முதல் வருடம் பாரம் வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணிதமே போடுவோம்" என்று அன்பாகச் சொன்னார். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புக் கணிதம். அதைவிடப் பொருத்தமாக வேறென்ன இருக்க முடியும்? நன்றி சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபரில் டிஜே விண்ணப்பம் பற்றிக் கேட்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அல்ஜீப்ராவுக்கு மாற்றச் சொல்லி மன்றாடினேன். வகுப்பு நிரம்பிவிட்டது, முதல் காலாண்டு முடியப் போகிறது, இடையில் சேர்ந்தால் பிள்ளை திணறுவாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். மகளோ ஏழாம் வகுப்பிலேயே சமன்பாடு போட்டுப் பழகியவள். இங்கே வகுப்பில் கொடுத்த தாளைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அம்மா, நான் நன்றாகப் படிக்கவில்லை என்று நினைத்துவிட்டார்களா?" என்று ஒருநாள் இரவு கேட்டாள். அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. விதியில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. அந்த விதி இருக்கிறது, கணித வகுப்பு அதற்குத் திறவுகோல் என்று பதிவு நாளில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஒதுக்கீடு வைத்து, பெயரை மறைத்து, கட்டணத்தை நீக்கி இவ்வளவு கவனமாக ஒரு முறையைச் செய்தவர்கள், கடல் தாண்டி வரும் பிள்ளையை வாசலில் மறந்துவிட்டார்கள்.

அதனால் பதிவு செய்யும் நாளிலேயே, நாற்காலியில் உட்காரும் முன்பே, கணிதத்தைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் கணித வகுப்பில் போடுகிறீர்கள், அல்ஜீப்ரா ஒன்றுக்கு இடத் தேர்வு வைப்பீர்களா, எப்போது என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தலைமையாசிரியரைப் பாருங்கள். நம் ஊரில் ஆசிரியர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை, இங்கே மரியாதையாக மறுத்துக் கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் கேட்டால் மாற்றம் நடக்க வாய்ப்பு உண்டு, அதற்குப் பிறகு கடினம். ஏழாம் வகுப்பு இறுதி மதிப்பெண்ணும் எட்டாம் வகுப்பு முதல் காலாண்டு மதிப்பெண்ணும் சேர்ந்துதான் சராசரி. அது நான்குக்கு 3.5-க்குக் குறையக் கூடாது. ஊர்ப் பள்ளியை விட்டுக் கிளம்பும் முன், மதிப்பெண்ணோடு வகுப்பில் உங்கள் பிள்ளை எத்தனையாவது இடம் என்பதையும் தலைமையாசிரியரிடம் கடிதமாக வாங்கிவிடுங்கள். விதிகள் மாறக்கூடியவை, அந்த வருட விதியைப் பள்ளி வாரியத்தின் பக்கத்தில் நீங்களே படியுங்கள்.

இன்னொன்று, கணிதப் பாடப் புத்தகம். இருபத்து மூன்று கிலோ கணக்குப் பார்த்து, மகளின் புத்தகங்களை எல்லாம் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டு, அந்த இடத்தில் இட்லித் தட்டை வைத்தேன். இட்லித் தட்டு இங்கே எந்த இந்தியக் கடையிலும் கிடைக்கிறது.

அடுத்த வருடம் கோவையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு இதைச் சொன்னேன். அந்தப் பெண் ஏழாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தையும் பிள்ளையின் நோட்டையும் கையோடு எடுத்துப் போனார். புத்தகம் தமிழில்தான் இருந்தது. பொருளடக்கத்தை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சொல்லிவிட்டு, நோட்டில் பையன் போட்டிருந்த சமன்பாடுகளைத் திறந்து காட்டியிருக்கிறார். எக்ஸும் ஒய்யும் எந்த மொழியிலும் எக்ஸும் ஒய்யும்தானே. அந்த வழிகாட்டி ஆசிரியர் கணித ஆசிரியரைக் கூப்பிட்டார், வெள்ளிக்கிழமை பையனுக்கு இடத் தேர்வு வைத்தார்கள். மாலையில் அவர் என்னை அழைத்து, "அக்கா, அல்ஜீப்ராவில் போட்டுவிட்டார்கள்" என்றார். என் மகள் அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். போனை வாங்கி, அந்தப் பையனுக்கு முதல் வாரம் என்னென்ன பாடம் வரும் என்று சொல்ல ஆரம்பித்தாள்.