புகாட்டி டைப் 35 மாடலா? முதலில் சக்கரத்தைப் பாருங்கள்

புகாட்டி டைப் 35 என்ற பழைய பந்தயக் காரின் குட்டி உலோக மாடல் ஒன்று கைக்கு வந்தால் எல்லாரும் முதலில் பார்ப்பது பெயின்ட்டை. நான் சக்கரத்தைத்தான் பார்ப்பேன். பிரான்சின் மோல்ஷைமில் செய்த உண்மைக் கார் 1924 ஆகஸ்டில் லியோனில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில் முதன்முதலாக ஓடியது. கம்பிச் சக்கரமே வழக்கமாக இருந்த அந்தக் காலத்தில் இதற்கு மட்டும் தட்டையான எட்டு ஆரங்களோடு அலுமினியத்தில் வார்த்த சக்கரம், பிரேக் டிரம்மும் அதோடு சேர்ந்தே வார்த்தது. அதனால் மாடலிலும் ஆரங்களுக்குப் பின்னால் டிரம் தெரிய வேண்டும், நிறம் அலுமினியப் பாத்திரம் போல மங்கலாக இருக்க வேண்டும். குரோம் பூசிப் பளபளத்தால் அது பொம்மை, அவ்வளவுதான்.

அடுத்து, குனிந்து முன் ஆக்சிலை, அதாவது முன் சக்கரங்களை இணைக்கும் தண்டைப் பாருங்கள். உண்மைக் காரில் லீஃப் ஸ்பிரிங் (அதிர்ச்சி தாங்கும் தகட்டு வில்) ஆக்சிலின் மேலேயோ கீழேயோ உட்காராது, ஆக்சிலில் போட்ட துளைக்குள்ளேயே நுழைந்து போகும். 1:18 அளவில், அதாவது உண்மைக் காரில் பதினெட்டில் ஒரு பங்காக ஏறக்குறைய 20 செ.மீ. நீளமுள்ள மாடலில், இதை நல்ல தயாரிப்பாளர்கள் விடமாட்டார்கள். 1:43 அளவில் கார் எட்டரை செ.மீ.தான், அதில் எதிர்பார்த்தால் தப்பு நம்முடையது.

நிறமும் ஏமாற்றும். அந்தக் காலப் பந்தயங்களில் பிரெஞ்சுக் கார்களுக்கு வழக்கமாக நீலம்தான். பச்சை நிறத்தில் 12-ஆம் எண் போட்டிருந்தால் அது 1929 மொனாக்கோ பந்தயத்தில் பிரிட்டிஷ் ஓட்டுநர் வில்லியம்ஸ் ஜெயித்த, சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) வைத்த 35பி என்ற வகை. அதையே 1924 கார் என்று விற்றால் நகர்ந்துவிடுங்கள்.

பழைய மாடல் வாங்கினால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மாடலை வார்த்த துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளிருந்தே உப்பி, முடி போல வெடிப்பு ஓடும். அதற்கு வைத்தியம் கிடையாது, எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

சரி, வீட்டுக்கு வந்தாச்சு. வெயில் படாத அலமாரி, ஈரத்தை உறிஞ்ச ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், தூசி தட்ட மேக்கப் பிரஷ். துணி வேண்டாம், நூல் எதிலாவது சிக்கும். மெத்தென்ற டயர் பிளாஸ்டிக் பீடத்தில் வருடக்கணக்கில் அழுந்தினால் அதிலேயே ஒட்டி உருகிவிடும், அதனால் டயர் பீடத்தைத் தொடாதபடி அடியில் ஒரு சின்னக் கட்டை கொடுத்துத் தூக்கி வையுங்கள்.

தூக்கும்போது அடிப்பக்கம் பிடித்துத்தான் தூக்க வேண்டும். நான் பக்கவாட்டில் பிடித்தேன், வெளியே நீட்டிக்கொண்டிருந்த கை பிரேக் லீவர் "டிக்"கென்று கையோடு வந்தது. பதறிப்போய் சூப்பர் குளூ வைத்தேன் பாருங்கள், அதைவிடப் பெரிய தப்பு: அதன் ஆவி படிந்து சுற்றியிருந்த நீலமெல்லாம் சாம்பல் பூத்துப்போனது. உடைந்தால் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையைப் பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டு வைத்து, ராத்திரி முழுக்க அதன் பக்கமே போகாதீர்கள்.