ஒரு அமெரிக்க டவுன்ஷிப்பைப் படிப்பது எப்படி: நோவையில் ஒரு சர்வேயர்

முப்பது வருஷம் தாலுகா அலுவலகத்தில் சர்வேயராக இருந்தேன். இப்போது மிச்சிகன் மாநிலத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஊர் நோவை. பிள்ளைகளோடு ஆறு மாதம் தங்க வருகிற என் வயதுக்காரர்கள், வந்த ஊரை வீட்டு ஜன்னல் வழியாக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஒரு வெள்ளைத்தாள், ஸ்கேல், பென்சில், மகனோ மகளோ வைத்திருக்கிற கம்ப்யூட்டர், இவ்வளவு போதும்.

முதலில் மக்கள்தொகையைத் தேடாதீர்கள். கட்டம் போடுங்கள். தாளில் ஒரு சதுரம் வரைந்து, ஆறுக்கு ஆறாகப் பிரியுங்கள். அமெரிக்காவின் பெரும்பகுதி நிலத்தை 1785-ம் வருடச் சட்டத்தின்படி இப்படித்தான் அளக்கத் தொடங்கினார்கள். பக்கத்துக்கு ஆறு மைல் உள்ள சதுரம் ஒரு டவுன்ஷிப். உள்ளே 36 கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். அதற்கு செக்‌ஷன் என்று பெயர். அளந்த சங்கிலி நம் பழைய புலப்படங்களில் லிங்க் கணக்கு வருமே, அதே கண்டர் சங்கிலி: 66 அடி, 100 லிங்க், 80 சங்கிலி ஒரு மைல். இதைப் படித்தபோது எனக்கு இந்த ஊர் அந்நியமாகத் தெரியவில்லை.

எண் போடுவது வடகிழக்கு மூலையில் ஆரம்பிக்கும். 1 முதல் 6 வரை மேற்கே போய், அடுத்த வரிசையில் 7 முதல் 12 வரை கிழக்கே திரும்பி, மறுபடி மேற்கே. ஏர் ஓட்டுகிறவர் சாலடித்துத் திரும்புகிற மாதிரி. 36 தென்கிழக்கு மூலையில் வந்து முடியும். பூமி உருண்டை என்பதால் கட்டங்கள் கச்சிதமாகப் பொருந்தாது. அந்த மிச்சம் மீதியை எல்லாம் வடக்கு ஓரத்து, மேற்கு ஓரத்து செக்‌ஷன்களில் தள்ளிவிடுவார்கள். ஆகையால் டவுன்ஷிப் என்றால் சரியாக 36 சதுர மைல் என்று எழுதி வைக்காதீர்கள்.

இப்போது கட்டத்தை நிஜ ரோடுகளோடு பொருத்துங்கள். நோவையில் இது அழகாக அமையும். தெற்கு எல்லையில் எய்ட் மைல் ரோடு. அதுதான் மிச்சிகன் முழுமைக்கும் அளவை தொடங்கிய அடிக்கோடு. அங்கிருந்து மைலுக்கு ஒன்றாக நைன் மைல், டென் மைல் என்று ஏறி, ஃபோர்ட்டீன் மைல் ரோட்டில் வடக்கு எல்லை. எட்டும் ஆறும் பதினாலு. கிழக்கு எல்லை ஹாகர்டி ரோடு. மேற்கே போகப் போக மெடோபுரூக், நோவை, டாஃப்ட், பெக், விக்ஸம், கடைசியில் நேப்பியர். அதுவும் ஆறு மைல். ஏரி குறுக்கே வருகிற இடத்தில் ரோடு நின்றுபோகும், கோடு நிற்காது, தாளில் நீட்டிக்கொள்ளுங்கள். பழைய ஆவணங்களில் இந்தச் சதுரத்துக்கு ‘டவுன் 1 நார்த், ரேஞ்ச் 8 ஈஸ்ட்’ என்று இருக்கும். அடிக்கோட்டுக்கு வடக்கே முதல் வரிசை, மெரிடியன் கோட்டுக்கு, அதாவது அளவைக்கு வைத்த வடக்கு-தெற்குக் கோட்டுக்கு, கிழக்கே எட்டாவது பத்தி என்று அர்த்தம்.

அப்புறம் முக்கியமான விஷயம். டவுன்ஷிப் என்ற ஒரே சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள். நம் ஊரில் வருவாய் கிராமம் வேறு, ஊராட்சி வேறு அல்லவா? அதே மாதிரி, அளவைக்கு வரைந்த சதுரம் வேறு, வரி வாங்கித் தேர்தல் நடத்துகிற டவுன்ஷிப் வேறு. நோவையில் 1832-ல் உள்ளாட்சி டவுன்ஷிப் அமைந்தபோது இரண்டும் ஒன்றாக இருந்தன. 1969-ல் நோவை நகரமானது. மிச்சிகனில் நகரமாகிவிட்ட பகுதி டவுன்ஷிப்பை விட்டு முழுக்க வெளியேறிவிடும். ஓரத்தில் சில துண்டுகள் நார்த்வில், வால்டு லேக், விக்ஸம் நகரங்களுக்குப் போயின. கடைசியில் நோவை டவுன்ஷிப் என்று மிஞ்சியது சுமார் 0.11 சதுர மைல், நகரத்தின் நடுவே தீவு மாதிரி ஒரு குடியிருப்பு. 2010 கணக்கெடுப்பில் அங்கே 150 பேர். அதே வருடம் நோவை நகரத்தில் 55,224 பேர்.

சென்சஸ் பீரோ தளத்தில் வெறுமனே ‘நோவை’ என்று அடித்தால் இரண்டும் வரும். முதல் நாள் நானே டவுன்ஷிப் வரியை எடுத்துக்கொண்டு, ஊரில் 150 பேர்தான் என்று தம்பிக்குப் போனில் சொல்லிவிட்டேன். மறுநாள் கடைத்தெருவில் கூட்டத்தைப் பார்த்ததும் கணக்கு இடித்தது. ஆகவே ஊர்ப் பெயரோடு ‘சிட்டி’ அல்லது ‘டவுன்ஷிப்’, கூடவே கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி), மாநிலம் எல்லாம் சேர்த்து அடியுங்கள். குறியீட்டு எண்ணையும் பாருங்கள்: 26 என்றால் மிச்சிகன், அடுத்த 125 ஓக்லண்ட் கவுன்ட்டி, மீதி ஐந்து இலக்கம் அந்த உள்ளாட்சிக்கு உரியது. சர்வே எண் மாதிரி இதை நம்பலாம். பெயரை நம்ப முடியாது.

வில்லேஜ் என்றால் கணக்கு மாறும். மிச்சிகனில் வில்லேஜ் டவுன்ஷிப்புக்குள்ளேயே இருக்கும். அங்கிருப்பவர்கள் டவுன்ஷிப் எண்ணிக்கையிலும் சேருவார்கள். நோவை 1958-ல் வில்லேஜ் ஆகி, பிறகுதான் நகரமானது. அதனால் டவுன்ஷிப்பின் எண்ணிக்கை 1960-க்கும் 1970-க்கும் இடையில் மடமடவென்று சரியும். ஒருவரும் குடிபெயர்ந்து போகவில்லை, கோடுதான் மாறியது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும் முன் இரண்டு வருடத்திலும் எல்லை ஒன்றுதானா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டு எழுதிய ஊர் வரலாறுகள் எனக்கு வருத்தம் தருகின்றன.

எல்லை சரி என்றால் மீதி சுலபம். மொத்தப் பரப்பில் தண்ணீரைக் கழித்துவிட்டு நிலப்பரப்பை மட்டும் எடுங்கள். நோவை நகரத்தில் நிலம் சுமார் 30 சதுர மைல். 2020-ல் 66,243 பேர். வகுத்தால் சதுர மைலுக்கு ஏறக்குறைய 2,200. டவுன்ஷிப்புக்கு 150-ஐ 0.11-ஆல் வகுத்தால் 1,360 வரும். இதைப் பார்த்து அங்கே ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள்; பக்கத்திலேயே 150 என்று எழுதுங்கள். வயது, வருமானம் போன்றவை ஐந்து வருட மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வருபவை. இத்தனை சிறிய இடத்தில் நாலு வீடு கூடக் குறைய மாட்டினாலே விகிதம் தலைகீழாகிவிடும். பக்கத்துப் பத்தியில் கொடுத்திருக்கும் பிழை எல்லையை, அதாவது எண் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதை, படிக்காமல் எதையும் எடுக்காதீர்கள்.

பெயர்க் கதைகளையும் தேதி வைத்துப் பாருங்கள். ஆறாம் எண் சுங்கச் சாவடி, ‘நம்பர் 6’ என்பதை ரோமன் எண்ணில் ‘No. VI’ என்று எழுதியது, அதிலிருந்து நோவை (Novi) வந்தது என்று இங்கே பலர் சொல்வார்கள். டவுன்ஷிப்புக்குப் பெயர் வைத்தது 1832-ல். கிராண்ட் ரிவர் பலகைச் சாலையும் அதன் சுங்கமும் 1850 வாக்கில் வந்தவை.

கடைசியாக, தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். வேங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போகிற நாளே போதும். கோயில் டாஃப்ட் ரோட்டில்தான் இருக்கிறது. டாஃப்ட்டும் லெவன் மைல் ரோடும் சந்திக்கிற மூலையில் வடக்கே பார்த்து நின்றால், உங்கள் இடதுகைப் பக்கம் 16-ம் செக்‌ஷன். எல்லா டவுன்ஷிப்பிலும் அந்த எண் நிலத்தைப் பள்ளிக்கூடத்துக்காக ஒதுக்கினார்கள். இன்று அதன் வழியே ஐ-96 நெடுஞ்சாலை ஓடுகிறது. அந்த மூலையிலிருந்து மேற்கே பெக் ரோடு வரை எண்பது சங்கிலி. எனக்கு நடக்க இருபத்திரண்டு நிமிடம் ஆனது.