ராத்திரி ஒன்றரை மணிப் படத்தை எப்படிப் பார்க்க வேண்டும்

மேலூர்ப் பக்கம் முப்பது வருசம் லைன்மேனாகக் கம்பம் ஏறியவன் நான். ஓய்வுக்குப் பிறகு, செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் நாசாவின் வேர்ல்டுவியூ இணையதளத்தில் நம்ம ஊரின் இரவுப் படத்தை மகள் காட்டினாள். அன்றிலிருந்து விடாமல் பார்க்கிறேன்.

முதலில் மதுரையைக் கண்டுபிடியுங்கள். பக்கத்தில் கருப்பாக இருப்பது அழகர்மலை. தெருவைத் தேட வேண்டாம். இந்தப் படத்தை எடுக்கும் சுவோமி என்பிபி செயற்கைக்கோளுக்குப் படத்தின் ஒரு புள்ளி என்பது தரையில் சுமார் 750 மீட்டர். வண்டியூர் தெப்பக்குளமே அதற்குள் அடங்கிவிடும். செயற்கைக்கோள் நம்ம ஊரைக் கடக்கும் நேரம் ராத்திரி ஒன்றரை மணி வாக்கில். கல்யாண மண்டப சீரியல் லைட்டெல்லாம் அணைந்திருக்கும். மிஞ்சுவது தெருவிளக்கும் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டும்தான்.

தேதியில் கவனம் வேண்டும். மேகமில்லாத அமாவாசை ராத்திரிகளாக எடுங்கள். அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமியில். அன்றைய தினசரிப் படத்தில் நிலவொளியும் சேர்ந்துவிடும், திருவிழா வெளிச்சத்தைப் பிரிக்க முடியாது.

வருசங்களை ஒப்பிட பல ராத்திரிப் படங்களைச் சேர்த்துச் செய்த 2012, 2016 தொகுப்புப் படங்கள் இருக்கின்றன. 2012 நமக்குக் கடுமையான மின்வெட்டு வருசம். அதனால் 2016-இல் கூடுதலாகத் தெரிவதை எல்லாம் வளர்ச்சிக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இன்னொன்று, சோடியம் விளக்கைக் கழற்றி எல்இடி மாட்டினால் தெரு பளிச்சென்று இருக்கும். ஆனால் எல்இடி வெளிச்சத்தில் இருக்கும் நீல ஒளி செயற்கைக்கோளின் கருவிக்குத் தெரியாது, படம் மங்கலாகக்கூட வரலாம்.

வட கொரியாவும் தென் கொரியாவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் படத்தைப் பாருங்கள். வடக்கே பியாங்யாங் தவிரப் பெரும்பகுதி இருட்டு, தெற்கே ஒரே வெளிச்சம். உற்பத்திக் கணக்கு சரியாகக் கிடைக்காத நாடுகளுக்குப் பொருளியலாளர்கள் இப்படி வெளிச்சத்தை வைத்து மதிப்பிடுகிறார்கள். நாடு என்ற அளவில் அது பெரிய உதவி.

நம்ம கிராமத்துக்கு அதே அளவுகோல் பொருந்தாது. ராத்திரி மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் வந்தால் வயல் முழுக்க மோட்டார் ஓடும். டிரான்ஸ்பார்மர் சூடேறும் அளவுக்குக் கரண்ட் இழுக்கும். படத்தில் அந்த வயல் வெறும் கருப்பு. கமுதி சூரிய மின் நிலையம் 648 மெகாவாட். அந்தத் திறனும் இரவுப் படத்தில் தெரியாது. இருட்டாக இருப்பதால் அங்கே மின்சாரமே இல்லை, உழைப்பே இல்லை என்று யாரும் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

புதுப் புள்ளி தெரிந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போய்விடுங்கள். போன மாதம் நான்குவழிச் சாலை ஓரம் ஒன்று தெரிந்தது. போய்ப் பார்த்தேன்: பிளாட் போட்டு வரிசையாக விளக்கு நட்டிருந்தார்கள், ஒரு வீடுகூட இன்னும் எழும்பவில்லை.